பனிமூட்டத்தில் மறைந்த தண்டவாளங்கள்

1896 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மதுரையில் பதினாறு வயது மாணவர் ஒருவர் பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு வழி தேடினார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமன்தான் அவர். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் கிளைப்பாதை அந்தப் படத்தில் இல்லை. ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, படம்தான் பழையது. அதனால் திண்டிவனமே அருகிலுள்ள நிலையம் என்று கணக்கிட்டு, கையிலிருந்த மூன்று ரூபாயில் அதற்குச் சீட்டு வாங்கினார். வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கினார். மாம்பழப்பட்டு வரை ரயிலிலும் அங்கிருந்து அரகண்டநல்லூர் வரை கால்நடையாகவும் போனார். கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். திருக்கோவிலூரில் ரயிலேறி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினார்.

இருக்கும் பாதை படத்தில் இல்லாமல் போனது அன்றைய சிக்கல். ஒருகாலத்தில் இருந்த பாதை, படத்திலிருந்தும் நினைவிலிருந்தும் சேர்ந்தே அழிந்துபோவது அதைவிடப் பெரிய சிக்கல்.

திருவண்ணாமலைப் பாதைக்கு அந்தக் கதி நேரவில்லை. மீட்டர் கேஜ் அகலப் பாதையாகி, பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் கூட்டத்தைச் சுமந்து வருகிறது. ஆனால் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடுபனிக்குள் ஓடிய இரண்டு ரயில்கள் அடியோடு மறைந்துவிட்டன. ஒன்று மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மற்றொன்று பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கிய கொச்சி அரசின் வன டிராம். அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் இனம்புரியாத ஓர் அச்சத்தைப் பற்றிப் பேசுவதுண்டு. பனிக்குள் தனியே நிற்கும் கல்தூண், எங்கும் போகாத பாலம், ரயிலே இல்லாத ஊரில் ரயில் நிலையப் பெயர். அந்த அச்சம் எதனால் ஆனது என்று தேடினால் வானிலையும் வரலாறும் நமது மறதியும் ஒருசேரக் கிடைக்கின்றன.

ஒற்றைத் தண்டவாளத்தில் மாட்டுவண்டி

மூணாறு மலைகள் தோட்டக்காரர்கள் கைக்குப் போன கதை 1877இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகைக்குப் பெற்றார். காபி, சிங்கோனா என்று பலவும் நட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. விளைச்சல் பெருகப் பெருக, அதைக் கீழே இறக்குவது எப்படி என்ற கேள்வி பெரிதானது. மேற்கே போனால் அடர்ந்த காடும் காட்டாறுகளும். கிழக்கே பள்ளத்தாக்கின் விளிம்பு வரை ஓரளவு சீரான நிலம். விளிம்பைத் தாண்டினால் செங்குத்தான சரிவு. சரிவின் அடியில் போடிநாயக்கனூர். தோட்டக்காரர்கள் கிழக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1902இல் முதலில் வந்தது மோனோரெயில். இன்றைய நகரங்களில் தூண்கள்மேல் ஓடும் மோனோரெயிலுக்கும் அதற்கும் உறவில்லை. ‘யூயிங் முறை’ எனப்பட்ட அந்த ஏற்பாட்டில் தரையில் ஒரே ஒரு தண்டவாளம் இருக்கும். வண்டியின் சுமையில் பெரும்பகுதியை அதன்மேல் உருளும் சிறிய சக்கரங்கள் தாங்கும். குழந்தைகள் சைக்கிளில் பக்கவாட்டில் பூட்டும் துணைச் சக்கரத்தைப் போல, வண்டி சாயாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். வெறும் மண்சாலையில் இழுப்பதைவிட இரும்பின்மேல் இழுக்க மிகக் குறைந்த பலமே போதும் என்பதால், மலைத்தோட்டத்துக்கு இது செலவு குறைந்த வழியாக இருந்தது. இதே முறையில் 1907இல் பாட்டியாலா சமஸ்தானத்திலும் ஒரு பாதை அமைந்தது. அந்த வண்டியும் எஞ்சினும் புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. குண்டளையில் ஓடியது எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆறே ஆண்டுகளில் மோனோரெயில் போதாமல் போனது. 1908இல் இரண்டடி அகல இருப்புப் பாதை போட்டு, சிறிய நீராவி எஞ்சின்களை ஓடவிட்டார்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள் எழுந்தன. பெட்டி பெட்டியாகத் தேயிலை கிழக்கு விளிம்புக்குப் போய்ச் சேரும். 1,700 மீட்டருக்கு மேல் உயரமுள்ள டாப் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ரோப்வே, பெட்டிகளைக் கீழே கொட்டக்குடிக்கு இறக்கும். கொட்டக்குடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அரிசியும் பருப்பும் உப்பும் இதே வழியில் மேலேறின.

ரயில், ரோப்வே, மாட்டுவண்டி என்ற இந்த மூன்றடுக்குப் பாதை அன்றைய திருவிதாங்கூரையும் சென்னை மாகாணத்தையும் இணைத்தது. இன்று அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக்கும் நடுவே கிடக்கிறது. டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே, சரிவின் நடுவில், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு குக்கிராமம் உண்டு. ரயில் போய் ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும், அங்கே பிறக்கும் பிள்ளைகள் நிலையத்தின் பெயரையே தங்கள் ஊர்ப் பெயராகச் சொல்லி வளர்கிறார்கள்.

1924 ஜூலை

கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால், அந்தப் பெருவெள்ளத்துக்குக் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று பெயர். 1924 ஜூலை மாதம் தொடங்கிய மழை வாரக்கணக்கில் விடாமல் கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்தன. மண்ணும் மரமும் ஓடைகளை அடைத்துத் தற்காலிக அணைகளாயின. அவை உடைந்தபோது கீழே இருந்த எல்லாவற்றையும் வெள்ளம் அள்ளிப் போனது. மூணாற்று நகரம் சிதைந்தது. ஆலுவாவிலிருந்து மேற்குப் பக்கமாக வந்த பழைய சாலை அறுந்தது. தண்டவாளங்கள், பாலங்கள், நிலையங்கள் என்று குண்டளை ரயில் முழுவதும் அழிந்தது. திரும்பப் போடுவதில்லை என்று கம்பெனி முடிவெடுத்தது. அடுத்து வந்த காலத்தில் ரோப்வேக்களும் சாலைகளும் அந்த வேலையைச் செய்தன.

இதில் மனத்தை உறுத்தும் தேதி ஒன்று உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928இல். மலைமேல் ரயில் இருந்தபோது போடியில் ரயில் இல்லை. போடிக்கு ரயில் வந்தபோது மலைமேல் இல்லை. நான்கே ஆண்டு இடைவெளி. வெள்ளம் சற்றுக் கருணை காட்டியிருந்தால், மூணாற்றுத் தேயிலை ஒரு ரயிலிலிருந்து ரோப்வேக்கும், ரோப்வேயிலிருந்து இன்னொரு ரயிலுக்கும் மாறியிருக்கும். அந்த மதுரை – போடி பாதையும் அகலப் பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது.

பனி எங்கிருந்து வருகிறது

டாப் ஸ்டேஷனில் நிற்கிறவர் கண்முன்னே பள்ளத்தாக்கு நிமிட நேரத்தில் மறைந்து, நிமிட நேரத்தில் திரும்பக் காட்சி தரும். மலைமக்களும் தோட்டத் தொழிலாளர்களும் ‘மஞ்சு இறங்குது’ என்பார்கள். வானிலை அறிவியல் இதற்கு எளிய விளக்கம் தருகிறது. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமுகட்டில் மோதி மேலேறுகிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குள் அது ஈரத்துக்கு ஏற்ப 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்துவிடும். ஒரு கட்டத்தில் ஈரத்தைச் சுமக்க முடியாமல் நுண்துளிகளாக விடுகிறது. சமவெளியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மேகம். மலைமேல் நிற்பவருக்கு அதுவே மூடுபனி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாவிட்டால் வானிலையாளர் அதை மூடுபனிக் கணக்கில் சேர்ப்பார்கள். இந்த மலையில் பத்தடிக்கு அப்பால் தெரியாத நேரங்களும் உண்டு.

டிசம்பர், ஜனவரியில் வேறு வகைப் பனி. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். விடியலில் குண்டளைப் பள்ளத்தாக்கு முழுக்க வெண்மையாக நிரம்பியிருக்கும். சில ஆண்டுகளில் மூணாற்று எஸ்டேட்டுகளில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போய்த் தேயிலைக் கொழுந்து கருகும்.

இந்த இரவுகளில் ஒலியும் விசித்திரமாக நடந்துகொள்ளும். வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். பள்ளத்தாக்கில் அடியில் குளிர், மேலே வெதுவெதுப்பு என்று தலைகீழாகும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகிறது. பள்ளத்தாக்கின் மறுபக்கம் பேசுகிற குரல் பக்கத்தில் கேட்பதுபோல் இருக்கும். பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். காட்டின் சொந்த ஒலிகளும் சேர்ந்துகொள்கின்றன. சீகாரப் பூங்குருவி விடியலில் பாடுவது, மனிதன் ஒருவன் ஓய்வாகச் சீழ்க்கையடித்துக்கொண்டு நடந்து வருவதைப் போலவே கேட்கும். கருமந்தியின் முழக்கம் பள்ளத்தாக்கு முழுதும் எதிரொலிக்கும். ஆளில்லாத பழைய தடத்தில் நின்று இவற்றைக் கேட்கிறவர் நடுங்குவதில் வியப்பில்லை.

கண்ணை ஏமாற்றும் காட்சியும் ஒன்று உண்டு. மலைவிளிம்பில் நிற்பவரின் முதுகுப்புறம் தாழ்ந்த சூரியன் இருந்து, எதிரே கீழே பனி படர்ந்திருந்தால், அவருடைய நிழலே பேருருவாகப் பனிமேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். அவர் கையசைத்தால் அதுவும் கையசைக்கும். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் இதை அடிக்கடி கண்டதால் அந்த மலையின் பெயரே இதற்கு நிலைத்தது. உலகில் எந்தப் பனிமலையிலும் காரணங்கள் கூடினால் இந்த உருவம் தோன்றும்.

ரயிலுக்குத் தேவைப்பட்ட காடு

காட்டுக்குள் ரயில் போனதற்கு முன்பே, ரயிலுக்காகக் காடு வெளியே வரத் தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அதே ஆண்டில்தான் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை தேவை. 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் சிலிப்பருக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்பது வன வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு. அத்தோடு, தொடக்க காலத்து எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடின. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தபோது, அதன் பின்னணியில் இந்தப் பெரும்பசியும் இருந்தது.

இந்தச் சூழலில்தான் கொச்சி அரசு தன் காட்டைத் திரும்பிப் பார்த்தது. பரம்பிக்குளம் காடு தேக்கும் ஈட்டியும் நிறைந்தது. ஆனால் மரத்தை வெளியே கொண்டுவர வழியில்லை. கொச்சி மன்னர் ராமவர்மா ரயில்மேல் தீராத நம்பிக்கை கொண்டவர். 1902இல் திறந்த ஷொரணூர் – எர்ணாகுளம் பாதைக்குப் பணம் திரட்டத் திருப்பூணித்துறைக் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்றார் என்று கொச்சி வரலாறு சொல்கிறது. அந்தப் பாதை சாலக்குடி வழியாகப் போனது. சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் ஒரு கிளை இழுத்துவிட்டால் தேக்கு நேரே துறைமுகத்துக்குப் போய்விடும்.

1907இல் வன டிராம் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், மீட்டர் கேஜ், எஞ்சின்கள் பெர்லினைச் சேர்ந்த ஓரென்ஸ்டைன் – கோப்பல் நிறுவனத்துடையவை. பாட்டியாலா மோனோரெயிலுக்கு எஞ்சின் செய்து கொடுத்ததும் அதே நிறுவனம்தான். செங்குத்தான இடங்களில் எஞ்சினால் ஏற முடியாது. அங்கே பொறியாளர்கள் கையாண்ட வழி வியக்க வைக்கிறது. மேலிருந்து மரம் ஏற்றிய வண்டி தன் கனத்தால் கீழிறங்கும். அதே கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டியிருக்கும் காலி வண்டி மேலேறும். இடையில் பிரேக் பிடிப்பவரின் கைப்பக்குவம்தான் எல்லாம். எரிபொருள் இல்லாமல், இறங்கும் தேக்கே அடுத்த தேக்குக்கான வண்டியை மேலே இழுத்துக் கொடுத்தது.

ஒருகொம்பன், முதுவரச்சால், ஆனப்பந்தம், வெள்ளிக்குளங்கரை என்று வழியில் நிலையங்கள் இருந்தன. குரியார்குட்டி அவற்றில் ஒன்று. பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி பறவைக் கணக்கெடுப்பின்போது தங்கிய இடம் அது. மரம் வெட்டப் போட்ட பாதை, பறவைகளை எண்ண வந்தவருக்கும் வழிவிட்டது.

1963இல் டிராம் மூடப்பட்டது. லாரிச் சாலைகள் பெருகிவிட்டன. பாதையைப் பராமரிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டுகளில் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் அணைகளோடும் சுரங்கங்களோடும் அந்தக் காட்டுக்குள் வந்தது. பின்னர் வெட்டுவதற்கான காடு, காப்பதற்கான காடாயிற்று. 2010இல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இன்று கேரளத்துக்குச் சொந்தமான அந்தக் காட்டுக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்துதான் போக வேண்டும். குரியார்குட்டி ஆற்றின்மேல் டிராம் பாலம் மிஞ்சியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தடத்தில் தேக்கு ஓடியது. அதைவிட நீண்ட காலமாகக் காடு அதை மூடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

மலையேறியவர்கள்

பனியும் பாலமும் பற்றிப் பேசும்போது ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். போடியிலிருந்து குரங்கணிச் சரிவு வழியாக நடந்தே ஏறியவர்கள் ஏராளம். அவர்களுக்கு முன்பே முதுவர் பழங்குடியினருக்கு அந்த மலையின் ஒவ்வொரு தடமும் தெரியும். பரம்பிக்குளத்தில் காடர், மலசர் மக்கள் அறிந்த காட்டில்தான் டிராம் போனது. தண்டவாளம் சுமந்தவர்கள், பாறை உடைத்தவர்கள், மழையில் சரிந்த மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்து வைத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் பரவலாகக் கிடைக்கும் வரலாறுகளில் இல்லை. மன்னர் பெயர் இருக்கிறது; மேலாளர் பெயர் இருக்கிறது; எஞ்சின் செய்த நிறுவனத்தின் பெயர்கூட இருக்கிறது.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழாக்கினார். 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ படத்துக்கு அந்த நாவல் அடிப்படையானது. சுற்றுலாப் பயணி அழகு என்று பார்த்து நிற்கும் பனி, கம்பளி இல்லாமல் விடியலில் கொழுந்து பறிக்கப் போனவருக்கு எலும்பை உருக்கும் குளிர், காய்ச்சல், சாவு. மலைப்பாதைகளைப் பற்றிச் சொல்லப்படும் பேய்க்கதைகளுக்கு அடியில் இப்படிப்பட்ட இழப்புகள் கிடக்கின்றன. கல்லறையும் கணக்கும் இல்லாமல் போனவர்கள் கதைகளில் ஆவியாக வருவது எல்லா நாட்டிலும் நடப்பது.

அந்த இழப்புகள் கடந்த காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாற்றுக்கு அருகே ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலானவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 1924இல் ரயிலைக் கொண்டுபோன அதே வகை மழையும் அதே வகைச் சரிவும்தான் காரணம். ரயிலின் அழிவை ஒழுங்காக ஆராய்ந்து வைத்திருந்தால், எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இளகும் என்பதற்கு ஒரு நூற்றாண்டுப் பழைய சான்று நமக்கு மிஞ்சியிருக்கும்.

அதே பனி, வேறு கதை

மூடுபனியும் மலையும் பழைய ரயிலும் சேர்ந்தால் அச்சம்தான் மிஞ்ச வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைத்தொடரில் உள்ள பிராக்கன் சிகரம் 1,141 மீட்டர் உயரம். ஆண்டில் ஏறத்தாழ 300 நாள் அங்கே மூடுபனி. சூனியக்காரிகள் கூடும் மலை என்று நூற்றாண்டுகளாகக் கதை. 1899இல் அந்தச் சிகரத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் போனது. 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது எல்லைப் பகுதி என்று பயணிகளுக்கு மூடினார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு 1991இல் திறந்தார்கள். இன்றும் நீராவி எஞ்சின் பனிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

அதே 1899இல், அதே மீட்டர் கேஜில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீலகிரி மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் உதகை வரை நீண்டது. குண்டளையில் நீராவி எஞ்சின் வந்ததும் அதே 1908. மொத்தம் 46 கிலோமீட்டர். 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. 16 குகைகள், 208 வளைவுகள். நடுத் தண்டவாளத்தின் பற்களைக் கவ்விப்பிடித்து ஏறும் இந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து அடிக்கடி நின்றுபோகிறது. ஒவ்வொரு முறையும் கேங்மேன்கள் மண்ணை அள்ளிப் பாதையைத் திறக்கிறார்கள். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியைப் பாலு மகேந்திரா கேத்தி நிலையத்தின் ஈரத்திலும் பனியிலும்தான் எடுத்தார். அந்த நிலையம் தமிழர் மனத்தில் ஆறாத் துயரமாக நிற்கிறது; ஆனால் அங்கே யாருக்கும் பேய்ப்பயம் இல்லை. ரயில் வந்துபோகிறது, நிலையத்தில் ஆள் இருக்கிறார்.

இலங்கையின் மலையகம் இரண்டு கதைகளையும் ஒருசேரக் காட்டுகிறது. கொழும்பிலிருந்து கிளம்பிய மலை ரயில் 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உயரத்தைக் கடக்கும் அந்தப் பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குத் தேயிலைத் தோட்டங்களிடையே ஓடிய குறுகிய பாதை 1940களில் மூடப்பட்டு மறைந்தது. இரண்டு பாதையிலும் ஒரே மலைப்பனி. இரண்டையும் சூழ்ந்த தோட்டங்களிலும் தமிழகத்திலிருந்து போன மக்களின் உழைப்பு. ஓடுவதைப் பற்றி உலகமே எழுதுகிறது. மறைந்ததைத் தேடி நடக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

இந்த ஒப்பீட்டிலிருந்து வரும் முடிவு தெளிவானது. பனி எல்லா இடத்திலும் ஒன்றுதான். பராமரித்த பாதையில் அது அழகாகிறது. கைவிட்ட பாதையில் அமானுஷ்யமாகிறது. இங்கே எது நடந்தது, யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லாத வெறுமையை மனம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது.

எஞ்சியிருப்பவை

மூணாற்றுப் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. மூணாறு – டாப் ஸ்டேஷன் சாலை பழைய தடத்தின் போக்கைப் பெரிதும் ஒட்டியே போகிறது. வார இறுதியில் அதில் வரிசைகட்டும் கார்களில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்கு இறங்கும் சரிவில் ரோப்வேயின் மிச்சங்கள் புதருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

மூணாற்றில் ரயிலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் எழுந்தது. கவர்ச்சியான யோசனைதான். ஆனால் சரிவுகள் இளகியிருக்கும் மலையில், யானைத் தடங்களுக்கு நடுவே, புதிதாக மண் வெட்டிப் பாதை போடுவது ஆபத்தானது. பெட்டிமுடிக்குப் பிறகு அதை எளிதாகப் பேசிவிட முடியாது. செய்ய வேண்டியதும் செய்யக்கூடியதும் வேறு.

முதலாவது, தடத்தை அளந்து வரைபடத்தில் குறிப்பது. கம்பெனியின் பழைய ஆவணங்களும் நில அளவைப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் சேர்ந்தால் மூணாறு முதல் போடி வரை, சாலக்குடி முதல் பரம்பிக்குளம் வரை பாதையைத் துல்லியமாக மீட்க முடியும். இரண்டாவது, எஞ்சிய பாலங்களையும் தூண்களையும் பாரம்பரியச் சின்னங்களாகப் பதிவு செய்து, நிலையங்கள் இருந்த இடங்களில் தமிழிலும் மலையாளத்திலும் தகவல் பலகை வைப்பது. மூன்றாவது எல்லாவற்றிலும் அவசரமானது. லயங்களிலும் முதுவக்குடிகளிலும் காடர் குடியிருப்புகளிலும் தாத்தா பாட்டி சொன்னதை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. டிராமில் வேலை செய்தவர்களில் சிலரேனும் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். 1963இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது.

ரயில் இரு மாநில எல்லையைக் கடந்து ஓடியது. அதன் நினைவைக் காப்பதும் இரு மாநிலங்களின் பொறுப்பு. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களும், இரு மாநில வனத்துறைகளும், தொல்லியல் துறைகளும், மதுரையிலும் கோட்டயத்திலும் உள்ள பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் இந்த மூன்றையும் பெரிய செலவின்றி முடிக்கலாம். குண்டளை ரயில் அழிந்து 2024 ஜூலையோடு நூறு ஆண்டு நிறைந்துவிட்டது. அடுத்த முறை டாப் ஸ்டேஷனுக்குப் போகும் வாசகர், காட்சிமுனையில் படம் எடுத்ததோடு திரும்பாமல், தேநீர்க் கடையில் உட்கார்ந்து அங்குள்ள பெரியவர்களிடம் ரயிலைப் பற்றிக் கேட்கட்டும். கேட்டதைப் பெயரோடும் ஊரோடும் எழுதி வைக்கட்டும்.